நீராவியக்கா தீவுக்குப் போன கதை

முதல் தூறல் விழுந்ததும் தெருவில் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். நீராவியக்கா தன் சலவைக்கடை வாசலைப் பார்ப்பாள். சற்று நேரத்தில் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். பாதி பிழிந்த போர்வைகள், சொட்டச் சொட்டத் தூக்கிவந்த மூட்டைகள், மறுநாள் காலைக்குள் காய்ந்தே தீரவேண்டிய பள்ளிச் சீருடைகள். கடைக்குள் இரண்டு பெரிய உலர்த்தும் மெஷின்கள் இருந்தன. கதவைத் திறக்கும்போதெல்லாம் குப்பென்று ஆவி கிளம்பி அவள் முகத்தை மறைக்கும். உள்ளேயிருந்து "அடுத்தது யாரு?" என்ற குரல் மட்டும் வரும். அதிலிருந்து வந்த பெயர்தான் அது. மழைக்காலத்தில் ஊரே குளிரில் ஒடுங்கிக் கிடக்கும்போது அவளுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டும். முன்னங்கைகளில் மெஷின் சுட்ட தழும்புகள், புதிதும் பழையதுமாக.

அவள் கணவர் கடையின் வேனை ஓட்டுகிறவர். ஊரிலிருந்த ஒரு பெரிய தங்கும் ஓட்டலிலிருந்து அழுக்கு விரிப்புகளை ஏற்றிவருவதும், துவைத்ததைக் கொண்டுபோய் இறக்குவதும் அவர் வேலை. பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. போகிற இடமெல்லாம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் கிளம்புவார். கல்யாணமான புதிதில், கடலுக்கு நடுவே பச்சையாகக் கிடக்கும் அந்தத் தீவுக்கு அவளைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். ரயிலில் துறைமுகம், அங்கிருந்து ஒரு பகல் கப்பல். அவ்வளவுதான் தூரம். அவளும் பெட்டி கட்டாத குறையாகக் காத்திருந்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பொய்யில்லை, நிஜமான சிக்கல்தான். ஆண்டின் நடுவில் அடிக்கும் காற்று இவர்கள் ஊருக்கு மழையைக் கொண்டுவரும். அப்போது தீவில் வெயில் காயும், கடல் குளம் மாதிரி கிடக்கும். ஆண்டுக் கடைசியில் காற்று திசை மாறும். இங்கே வானம் வெளுக்கும். அங்கே மழை பிடித்துக்கொள்ளும். தீவு நன்றாக இருக்கிற மாதங்களில் கடையை விட்டு நகர முடியாது. கடை சும்மா இருக்கிற மாதங்களில் தீவு நனைந்து கிடக்கும்.

"அங்க வெயில்னா இங்க மழை, இங்க வெயில்னா அங்க மழை. நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்று கணவர் கைகளை விரிப்பார். காற்றின் திசையை மாற்றித் தரும்படி மேலிடத்துக்கு மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருக்கும். இரண்டு மழைக்கும் நடுவில் காற்று ஓய்ந்து நிற்கும் சில வாரங்கள் உண்டே என்று அவள் ஒருமுறை கேட்டாள். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று காற்றுக்கே தெரியாத நேரம் அது, அதை நம்பிக் கடலில் இறங்குவானா ஒருவன் என்று சொல்லி அந்த வாசலையும் சாத்திவிட்டார்.

இப்படியே மகன் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டான். இதற்கிடையில் வீட்டில் ஒரு சொல்வழக்கு முளைத்திருந்தது. நடக்கவே நடக்காத எதையும் 'அம்மாவோட தீவு' என்பார்கள். குழாய் சரிசெய்பவன் நாளைக்கு வருகிறேன் என்று போனால், "அவனா, அது அம்மாவோட தீவு." யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடி அறைக்கு எப்போது வெள்ளையடிக்கப் போகிறோம் என்று மருமகள் கேட்டாள். "அது அம்மாவோட தீவு" என்றான் மகன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அத்தைக்குத் தீவு ஏதாவது சொத்தாக இருக்கிறதா என்று நிஜமாகவே கேட்டாள். மகன் சிரித்ததில் தண்ணீர் புரையேறியது. கணவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, காற்றும் மழையுமாக முழுக்கதையையும் கையசைத்துச் சொல்லி முடித்தார். நீராவியக்காவும் சிரித்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போன பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டாமல் கழன்றுவிட்டது. இத்தனை வருஷம் அது வீட்டுக்குள் புழங்கும் ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தாள். வேடிக்கைப்பொருள் தான்தான் என்பது, வெளியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் உறைத்தது.

மருமகள் பின்னாலேயே வந்து நின்றாள். "நிஜமாவே போகணும்னு ஆசைப்பட்டீங்களா அத்தை?"

"ஆசைப்பட்டேன் இல்ல. ஆசைப்படறேன்" என்றாள் நீராவியக்கா.

மறுநாள் கடையை மதியமே சாத்திவிட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இளம்பெண் விவரமானவள். எந்த மாதம் போகப்போகிறார்கள் என்று கேட்டாள். கடை சும்மா இருக்கும் ஆண்டுக் கடைசியில்தான் என்று நீராவியக்கா சொன்னதும், பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, அந்த சீசன்ல போனா ரூம்ல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டுதான் வரணும்."

"உக்காந்து பல வருஷமாச்சும்மா. சுவரானாலும் பரவாயில்ல."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் வியாபாரப் பேச்சு போய் வேறு பேச்சு வந்தது. தீவின் நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒரு மலை ஓடுவதாகத் திரையில் காட்டினாள். மழைக்காற்று வந்து மோதுவது ஒரு பக்கம்; அந்தப் பக்கம் நாள் முழுக்கக் கொட்டும். மலைக்கு இந்தப் பக்கம் காலையில் பெய்தாலும் மதியத்தில் பெரும்பாலும் வெளுத்துவிடும். ஆனால் கப்பல் மட்டும் கடலின் மனதைப் பொறுத்தது, போகிற தேதியைச் சொல்லலாம், திரும்புகிற தேதியைச் சத்தியம் பண்ண முடியாது என்றாள். நீராவியக்கா மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன விடுதியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்தாள். இத்தனை வருஷமும் தீவு என்றால் ஒரே தீவு, மழை என்றால் ஒரே மழை என்று நம்பவைத்திருந்தார்களே என்று மாடிப்படி இறங்கும்போது நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் வாயடைத்துப் போனார். அது எப்போதாவது நடக்கிற காரியம். அப்புறம் ஆரம்பித்தது. அவருக்கு முதுகுவலி வந்தது. வேனுக்கு இன்ஜின் கோளாறு வந்தது. ஓட்டல் மேனேஜர் கோபித்துக்கொள்வார் என்றார். அவள் நேரே போய் மேனேஜரைப் பார்த்து, ஒரு வாரத்துக்கு வேண்டிய விரிப்புகளை முன்கூட்டியே துவைத்து அடுக்கித் தருவதாகச் சொல்லி, முணுமுணுப்போடு ஒரு சம்மதத்தையும் வாங்கி வந்துவிட்டாள். கடைசியில் மகனை ஏவிவிட்டார். அவன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். கப்பல் ஒன்று அலையில் முங்கி எழுந்துகொண்டிருந்தது.

"அலை இல்லாம கடல் எதுக்குடா?" என்றாள்.

"எல்லாரும் வேண்டாங்கறாங்க. ரெண்டு வருஷம் பொறுத்தா நானே நல்ல சீசன்ல கூட்டிட்டுப் போறேன். சும்மா வீம்புக்குப் போறியாம்மா?"

"ஆமா. வீம்புக்குத்தான் போறேன். வேற எதுக்கும் என்னை நீங்க யாரும் விடலையே."

அவன் வீடியோவை நிறுத்திப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கிளம்புகிற நாளில் இருவரும் ரயில் ஏறினார்கள். எதிர் சீட்டுக்காரரே பேச்சுக் கொடுத்தும் கணவர் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். துறைமுகத்தில் மேகம் கறுத்து, காற்றில் டீசலும் உப்பும் கலந்து அடித்தது. கப்பலுக்கு ஏறும் இரும்புப் பலகையின் கீழே இரண்டு ஆள் அகலத்துக்குத் தண்ணீர் கறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டடி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் பலகையின் கைப்பிடியைப் பிடித்தபடி கீழேயே நின்றிருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. மேலுதட்டில் வேர்வை. முழங்கால் தண்ணீர் ஓடுகிற தெருக்களிலெல்லாம் வேனை ஓட்டிப்போன மனிதர்.

அவள் இறங்கி வந்தாள். பின்னால் நின்றவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள்.

"எனக்குத் தண்ணின்னா பயம்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "சின்ன வயசுல ஒரு தடவை மூழ்கப் பாத்தேன். அதுலேர்ந்து காலுக்குக் கீழ தண்ணி ஆடுறதைப் பாத்தாலே உசுரு போயிடும்."

"மழைன்னு சொன்னதெல்லாம்?"

அவர் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே தனியாப் போயிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல" என்றார்.

தலைக்கு ஏறிய கோபத்தில் அவள் அந்த இடத்திலேயே பையைத் தூக்கிக் கடலில் வீசியிருப்பாள். அவர் பயந்ததில் அவளுக்கு வருத்தமில்லை. பயம் யாருக்குத்தான் இல்லை. தன் பயத்தை மழையின் தலையில் கட்டிவிட்டு, அவளைப் பைத்தியக்காரி மாதிரி வீட்டுக்கும் புதிதாக வந்த மருமகளுக்கும் காட்டிச் சிரித்தாரே, அதுதான் நெஞ்சில் குத்தியது. அதே சமயம் அந்த வெளுத்த விரல்களைப் பார்க்க என்னவோ போலவும் இருந்தது. 

"வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டார் மெல்ல.

"நீங்க போங்க" என்று கடைச் சாவியை அவர் கையில் வைத்து அழுத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். மேலே போய்க் கைகாட்டவில்லை. காட்டினால் இறங்கிவிடுவோமோ என்று பயம்.

கப்பல் பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கரை மறைந்ததும் எல்லோருக்கும் குடலைப் புரட்டியது. அவளும் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளில் சாய்ந்து கிடந்தாள். நடுவில் ஒருமுறை, மகன் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. உடனே, கேட்கவே கூடாது என்றும் தோன்றியது.

தீவில் இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. விடுதி நடத்தும் அம்மாள் குடையோடு வந்து அழைத்துப் போனாள். நாலு அறை, தகரக் கூரை, முன்னால் மணல், மணலுக்கு அப்பால் கடல். வாசலில் கால் வைத்ததும் நீராவியக்காவின் கண்ணில் பட்டது கடலல்ல, கொல்லைப் பக்கக் கயிற்றில் நனைந்து தொங்கிய வெள்ளை விரிப்புகள். கையில் இருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினாள். நாலைந்தை வாரிச் சுருட்டிக்கொண்டு, எங்கே போடட்டும் என்று பதறி நின்றவளை விடுதிக்காரம்மாள் விசித்திரமாகப் பார்த்தாள்.

"விடுங்க அக்கா. மழை விட்டா தானா காயும்."

அந்த வார்த்தையை அவள் வாழ்க்கையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எடுத்த விரிப்புகளைத் திரும்பக் கயிற்றில் போட்டாள். அவை நனைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முதலில் கை பரபரத்தது. பிறகு அடங்கியது.

முதல் இரண்டு நாட்கள் அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. அறையைப் பெருக்கினாள். விடுதிக்காரம்மாளோடு சேர்ந்து பாத்திரம் கழுவினாள். மூன்றாம் நாள் காலை, மழை பெய்துகொண்டிருக்கும்போதே மணலில் நடந்து, கட்டியிருந்த துணியோடு கடலுக்குள் இறங்கினாள். கடல் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே விழுந்த மழைதான் சில்லென்றிருந்தது. கழுத்துவரை சூட்டிலும் தலை குளிரிலுமாக நின்றாள். உலகத்தில் எந்தத் துணி நனைந்தால் அவளுக்கென்ன? உடுத்தியிருந்ததே நனைந்துதான் இருந்தது. தழும்பு விழுந்த கைகளைத் தண்ணீருக்குள் நீட்டிப் பார்த்தாள். யாரும் பக்கத்தில் இல்லாததால் சத்தமாக மழையைப் பார்த்து இரண்டு வசவு வைதாள். பழைய பாக்கி. மதியத்தில் டிராவல்ஸ் பெண் சொன்னபடியே வானம் வெளுத்து, மலைக்குப் பின்னால் மேகம் கட்டி நிற்க, இந்தப் பக்கம் வெயில் வந்தது.

திரும்புகிற நாளுக்கு முந்தின மாலை, கடல் சீற்றத்தால் கப்பலை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வீட்டிலிருந்து போன் மேல் போன். நான் அப்பவே சொன்னேன் என்று மகன் ஆரம்பித்தான். கப்பல் வந்தால் வருவேன், வராவிட்டால் இருப்பேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து வந்த போன் ஓட்டல் மேனேஜருடையது. அவர் போட்ட சத்தத்திலிருந்து விஷயத்தைப் பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் துவைத்து அடுக்கிக் கொடுத்த விரிப்புகள் தீர்ந்துபோக, கணவர் தானே கடையைத் திறந்து அடுத்த மூட்டையைத் துவைக்கப் போட்டிருக்கிறார். கூடவே யாருடையதோ ஒரு நீலத் துண்டும் மெஷினுக்குள் போயிருக்கிறது. ஓட்டலின் வெள்ளை விரிப்புகள் அத்தனையும் இப்போது வான நீலம். உடனே கிளம்பி வரவேண்டும் என்றார் மேனேஜர்.

"கப்பல் இல்ல சார். நான் லீவுல இருக்கேன்."

"அப்ப நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்."

"பாத்துக்குங்க சார்."

போனை வைத்தாள். அந்த ஓட்டல்தான் கடைக்கு முதுகெலும்பு. கப்பல் ஓடியிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பாளோ என்னவோ, அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஓடாதது நல்லதாகப் போயிற்று. பயத்தோடேயே உட்கார்ந்திருந்தாள். விடுதிக்காரம்மாள் சுட்ட மீனைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். முள்ளைப் பிரித்துக்கொண்டே, நீல விரிப்பில் படுத்திருக்கும் விருந்தாளிகளை நினைத்துப் பார்த்தாள். முதலில் ஒரு செருமல் வந்தது. அப்புறம் அடக்கவே முடியாமல், விடுதிக்காரம்மாள் ஓடிவந்து முதுகைத் தட்டும்வரை சிரித்தாள்.

கடல் அடங்கிக் கப்பல் வந்தபோது, கரையில் கணவர் காத்திருந்தார். ஓட்டல் போய்விட்டது, கெஞ்சியும் பார்த்துவிட்டேன் என்றார். திட்டு விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவள் திட்டவில்லை. ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஒன்றே ஒன்று மட்டும் செய்யவேண்டும் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, போகாததற்குக் காரணம் மழையில்லை என்பதை அவரே தன் வாயால் சொல்லவேண்டும்.

ஊரெல்லாம் பேசுகிற மனிதருக்கு அந்த ஒரு வாக்கியம் வரப் பெரும்பாடாகிவிட்டது. சோற்றைப் பிசைந்தபடி, பாதியை முழுங்கிப் பாதியைச் சொன்னார். மகன் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். மருமகள்தான் பேச்சைத் தொடர்ந்தாள். அங்கே கடலில் மீன் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டாள். நீராவியக்கா சாப்பாடு முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு யாரும் குறுக்கே பேசவில்லை.

ஓட்டல் திரும்ப வரவில்லை. அந்த வருஷம் கடை தள்ளாடியது. ஒரு மெஷினை நிறுத்தி வைத்தார்கள். ஓட்டல் கைவிட்டுப் போனது தீவுக்குப் போனதால்தானே என்று சொந்தக்காரர்கள் நாசூக்காகக் குத்தியபோது, ஆமாம், அதனால்தான் என்று அவளே ஒத்துக்கொண்டதில் அவர்களுக்கு மேலே பேச வழியில்லாமல் போயிற்று. சின்னச் சின்ன வேலைகள் மெல்லச் சேர்ந்தன. கணவர் வெள்ளைத் துணியையும் சாயத் துணியையும் பிரிக்கக் கற்றுக்கொண்டார். அவள் தீவுக்குப் போகிற நாட்களில் கடையை அவரே பார்த்துக்கொள்கிறார். வழியனுப்பத் துறைமுகம்வரை வருவதோடு சரி.

ஏனென்றால் அவள் மறுபடியும் போனாள், மருமகளையும் கூட்டிக்கொண்டு. இந்த முறை மகனின் திருப்திக்காக ஆண்டின் நடுவிலேயே போனார்கள், ஊரில் அடைமழையும் தீவில் பொன் வெயிலுமாக இருக்கிற, எல்லோரும் மெச்சுகிற சீசனில். ஒரு வாரத்துக்கு எடுத்த பயணத்தை நாலே நாளில் முடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். என்ன ஆயிற்று என்று மகன் பதறினான்.

"மணல்ல கால் வைக்க இடமில்லடா. விடுதிக்காரம்மாவுக்கு என்கிட்ட பேசக்கூட நேரமில்ல. எல்லாரும் சொல்ற சீசன்ல போனா எல்லாரும்தான் இருப்பாங்க."

சொல்லிவிட்டு, ஆண்டுக் கடைசியில் கப்பல் எந்தெந்த நாளில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லும்படி மருமகளிடம் போனை நீட்டினாள்.